உம்மாவின் தறிக்கொட்டிலில் வறுத்த கோப்பி

கோப்பிக்கொட்டை வறுபடும்போது இரண்டு தடவை வெடிக்கும். முதல் தடவை சோளன் பொரிவது மாதிரி ஒன்று, இரண்டு, பிறகு பத்துப் பன்னிரண்டு என்று நன்றாகக் கேட்கும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் கிடக்கும். இரண்டாவது வெடி வேறு மாதிரி. நெருப்பில் உப்புக்கல் விழுந்தால் படபடவென்று ஒரு சின்னச் சத்தம் வருமே, அதைப் போல. அந்த நேரம்தான் நீலப் புகை கிளம்பும்.

மருதமுனையில் என் வயதுக்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம். பள்ளிவாசல் வாசலில் சந்தித்தால் தறியைப் பற்றிக் கதைப்போம், சூறாவளியைப் பற்றிக் கதைப்போம். “உங்கட வளவுக்குள்ளால வாற கோப்பி வாசம் இன்னும் மூக்குக்குள்ள இரிக்கி” என்று யாராவது சொல்வார்கள். நானும் சிரித்துவிட்டு வருவேன். பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன், ஆனால் என் கூட்டாளிகளும் வாசிக்கட்டும். அந்த வாசம் எங்கள் வீட்டுக்குள் என்ன செய்தது என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருசம். வாப்பா கல்முனைப் பக்கம் ஒரு நெல்லு மில்லில் இயந்திரம் பார்த்தார். உம்மா வீட்டோடு சேர்ந்த தறிக்கொட்டிலில் சாரி நெய்தார். அது குழித்தறி. தரையில் இடுப்பளவு குழி, அதற்குள் காலை விட்டு உட்கார்ந்துதான் நெய்ய வேண்டும். அக்காவை ராத்தா என்போம். ராத்தாவுக்குப் பதினாறு. எனக்குக் கீழே ஒரு தம்பி இருந்தான். நாலு மாதப் பிள்ளை. சூறாவளியில் எங்கள் வீட்டுக் கிடுகுக் கூரை பறந்துபோய், மூன்று நாள் ஈரத்தில் கிடந்தோம். தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் கிழமை மௌத்தாகிவிட்டான்.

அன்றிலிருந்து வாப்பா கதைக்கவில்லை. கோபமில்லை, அழவும் இல்லை. மில்லுக்குப் போவார், வருவார், சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுவார். “தண்ணி” என்பார், “ஓம்” என்பார், அவ்வளவுதான். ஆட்கள் வந்து ஆறுதல் சொன்னால் தலையைத் தலையை ஆட்டுவார். உம்மா நெய்துகொண்டே தனக்குள் ஏதோ கதைத்துக்கொண்டிருப்பார். வாப்பாவிடம் கேட்க வேண்டியதைக்கூட என்னிடம் கேட்டு, நான் போய் வாப்பாவிடம் கேட்டு, அவர் தலையை ஆட்டினதை வந்து உம்மாவுக்குச் சொல்வேன். இப்படி ஏழு மாதம் போனது.

வாப்பாவின் கூட்டாளி ஒருவர் லொறி ஓட்டினார். காக்கா என்றால் அண்ணன், அவரை லொறிக் காக்கா என்போம். இங்கிருந்து மலைநாட்டுப் பதுளைக்குக் கருவாடு கொண்டு போவார், அங்கிருந்து மரக்கறி கொண்டு வருவார். கலியாணத்துக்கு முன்பு வாப்பாவும் பதுளைப் பக்கம் ஒரு மில்லில் இரண்டு வருசம் வேலை செய்தவர். அவர் தங்கியிருந்த வீட்டுக்காரர்கள் தங்கள் வளவில் காய்த்த கோப்பியைத் தாங்களே வறுத்துக் குடிப்பார்களாம். அது லொறிக் காக்காவுக்குத் தெரியும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசின ஒரு நாளில் ஒரு சின்னச் சாக்கில் பச்சைக் கோப்பிக்கொட்டை கொண்டு வந்து, வாப்பாவின் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

வாப்பா அந்தச் சாக்கை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, மில் இல்லை. ஜும்ஆத் தொழுகைக்குப் போய் வந்து, முற்றத்தில் மூன்று கல்லை வைத்து, குசினியிலிருந்து தாச்சியை எடுத்துக்கொண்டு போனார். உம்மா நெய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வறுத்து முடிந்ததும் வாப்பா ஒரு கை நிறையக் கொட்டையை உம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“மணந்து பாரு புள்ள. ஒரு பக்கம் கருகிப் போச்சி, என?”

உம்மா மணந்து பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். வாசம் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். பத்து வயதுப் பிள்ளைக்கு வேறு என்ன விளங்கும்?

அதற்குப் பிறகு வாப்பாவின் கதை நிற்கவில்லை. எல்லாம் கோப்பிக் கதைதான். தாச்சியில் வறுத்தால் அடிப்பக்கம் கருகுகிறது, மண்சட்டியில் வறுத்தால் உள்ளே பச்சையாக நிற்கிறது. மில்லிலே பெரிய பிஸ்கற் தகரப்பேணி ஒன்றுக்கு நடுவால் இரும்புக் கம்பி செலுத்தி, ஒரு பக்கம் கைபிடி வளைத்து, நெருப்புக்கு மேலே சுற்றுகிற மாதிரி ஒரு பெட்டி செய்தார். விறகு சரிவராது என்று சிரட்டைக்கரிக்கு மாறினார். நேரம் பார்க்க வீட்டில் மணிக்கூடு இல்லை. அதனால் இடது கையில் தஸ்பீஹ் மணியை வைத்துக்கொண்டு ஸலவாத்து ஓதி ஓதி உருட்டுவார், வலது கையால் பேணியைச் சுற்றுவார். முதல் வெடிக்கு இத்தனை சுற்று, இரண்டாவது வெடிக்கு இத்தனை என்று என் பழைய பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி வைத்தார். “நன்மையும் சேருது, கோப்பியும் வறுபடுது” என்று உம்மா பகிடி பண்ணுவார்.

ஒரு தடவை லொறியில் கொட்டைச் சாக்கு கருவாட்டுச் சாக்குக்கு மேலே கிடந்து வந்துவிட்டது. வறுத்தபோது தெரு முழுக்கச் சுறாக்கருவாடு பொரித்த மணம். ஊர்ப் பூனையெல்லாம் வேலிக்கு வந்துவிட்டன. வாப்பா லொறிக் காக்காவோடு இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சாக்கு எப்போதும் லொறியின் முன் சீற்றில் இருந்துதான் வரும். “எண்ட பொஞ்சாதிய நான் பின்னுக்கு இரித்தினாலும் இரித்துவன், காக்காட கோப்பி முன்னுக்குத்தான்” என்று லொறிக் காக்கா கடைத்தெருவில் சொல்லித் திரிந்தார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் கோப்பிதான். வாப்பா கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு அவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தேயிலை குடித்துப் பழகின சனம், கசப்பில் முகம் சுளிக்கவும் ஏலாமல் துப்பவும் ஏலாமல் “நல்லாரிக்கி” என்பார்கள். “எப்பிடி நல்லாரிக்கி?” என்று இவர் விடமாட்டார். கோப்பி வடிக்கிற துணியில்கூட அவருக்குத் திருப்தி வரவில்லை. கடைத்துணியில் தூள் இறங்குகிறது என்றார். உம்மா தறியில் வெள்ளை நூலை நெருக்கி ஒரு முழத்துண்டு நெய்து கொடுத்தார். இன்னும் கொஞ்சம் நெருக்கம் வேணும் என்றார் வாப்பா. உம்மா மறுபடியும் நெய்தார். மூன்றாம் துண்டில்தான் இவருக்குச் சரிவந்தது. அந்த மாதங்களில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

உம்மாவுக்குச் சின்ன வயதில் முட்டு இருந்ததாம், மூச்சு இழுக்கிற நோய். கலியாணத்துக்குப் பிறகு வரவில்லை. கச்சான் காலத்தில் வாப்பா முற்றத்தில் வறுத்தார், காற்று புகையைக் கடலுக்குக் கொண்டு போனது. அதனால் ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசியில் மாரி தொடங்கியது. முற்றத்தில் நெருப்பு நிற்காது. வாப்பா பேணியைத் தூக்கிக்கொண்டு தறிக்கொட்டிலின் தாழ்வாரத்துக்கு வந்தார். உள்ளே உம்மா நெய்வார், வெளியே வாப்பா வறுப்பார். வாடைக்காற்று புகையை அள்ளி உள்ளே போடும். உம்மாவுக்கு இருமல் வந்தது. இருமல் இழுப்பானது. நெய்துகொண்டிருக்கும்போதே பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவார்.

தறியில் இருக்கும்போதுதானே வருகிறது? பார்த்த எல்லாருக்கும் அது மட்டும்தான் தெரிந்தது.

பரிசாரி வந்தார். எங்கள் பக்கத்தில் நாட்டு வைத்தியரைப் பரிசாரி என்போம். நாடி பிடித்தார், தறியைப் பார்த்தார், நூலை உதறிப் பார்த்தார். பஞ்சுத்தூசி நெஞ்சில் அடைத்திருக்கிறது, தறியை விட்டால்தான் சுகம், குளிர் காற்றுப் படக்கூடாது, சுக்குப் போட்ட கோப்பி கொடுங்கள், மூச்சைத் திறக்கும் என்று சொல்லிப் போனார். வாப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். கவலையும் சந்தோசமும் ஒன்றாக இருந்தன. கோப்பி மருந்தாகிவிட்டது.

உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மாட்டு வண்டில் பிடித்து வந்தார். தறியை மரம் மரமாகக் கழற்றினார்கள். மாமி நெய்யக்கூடியவர், அவருக்கு உதவும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு. உம்மா விறாந்தையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அரைவாசியில் நின்ற சாரியை மாமா அறுத்துச் சுருட்டினபோது மட்டும், “மெல்ல” என்றார்.

அடுத்த நாள் வாப்பா கடற்கரையிலிருந்து மண் கொண்டு வந்து தறிக்குழியை நிரப்பினார். உம்மா தடுக்கி விழுந்துவிடக்கூடாது என்று அவருக்குப் பயம். காலால் மிதித்து மிதித்து இறுக்கினார். கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. மழை விடவில்லை. வாப்பா தாழ்வாரத்தில் நனைந்துகொண்டு வறுப்பதைப் பார்த்து, உள்ளுக்கு வாங்க என்று உம்மாவேதான் கூப்பிட்டார். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து நிரப்பின குழிக்கு மேலே அடுப்பு.

கிடுகுக் கூரை என்றால் புகை கசிந்து போய்விடும். சூறாவளிக்குப் பிறகு நாங்கள் போட்டது தகரம். புகைக்குப் போக வழியில்லை, கொட்டிலுக்கும் உம்மா படுக்கிற அறைக்கும் நடுவில் கதவில்லை. பரிசாரி சொன்னார் என்று ராத்தா யன்னல் இடுக்கு, ஓட்டை எல்லாவற்றிலும் சாக்கைக் கிழித்து அடைத்து வைத்தாள். ஒவ்வொருவரும் உம்மாவுக்காக ஏதோ ஒன்றைக் கவனமாகச் செய்தோம்.

வாப்பா வறுத்து, அரைத்து, சுக்குப் போட்டு, சூடாகக் கொண்டு வந்து கொடுப்பார். உம்மா குடித்தால் கொஞ்சம் மூச்சு லேசாகும். அது உண்மை. வாப்பா பக்கத்தில் குந்தியிருந்து, “பாத்தியா? பாத்தியா?” என்பார். பழைய தூளில் சத்தில்லை என்று கிழமைக்கு இரண்டு தரம் வறுக்கத் தொடங்கினார். முட்டு கூடினது. ஆட்கள் வந்து பார்த்து, தறித்தூசி இன்னும் உள்ளே கிடக்கிறது என்றார்கள். வாப்பா மூன்று தரம் வறுத்தார்.

நடுவில் ஒரு வெள்ளம் வந்து மலைப்பாதை மூடிவிட்டது. லொறி வரவில்லை. இரண்டு கிழமை கொட்டை இல்லை. அந்த இரண்டு கிழமையும் உம்மா நன்றாக நித்திரை கொண்டார், கிணற்றடிக்குத் தனியே போய் வந்தார். எல்லாரும், தறி போன சுகம் என்றார்கள். மாமாவுக்குப் பெருமை. பிறகு லொறி வந்தது. வாப்பா அன்றைக்கே வறுத்தார். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னமே உம்மா தலையணையை மடியில் வைத்துக் குனிந்துகொண்டிருந்தார், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது மாதிரிச் சத்தம்.

எனக்கு விளங்கிவிட்டது. எனக்குக் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. அந்த மாரிக்குப் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது, வீட்டில் பார்த்துக்கொண்டிருக்க வேறு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து உம்மா சுளகில் அரிசி போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் இருந்தேன்.

“உம்மா, கோப்பி வறுத்தாத்தானே ஒங்களுக்கு முட்டு வருது?”

அவர் தலையைத் தூக்கவில்லை. “ஆரு சென்ன?”

“ஒருத்தரும் செல்லல்ல. நான் பாத்த.”

“வாப்பாக்கிட்டச் செல்லிட்டியா?”

“இல்ல.”

“செல்லாத மனே.” கல்லை எடுத்து வெளியே எறிந்தார். “தம்பி மௌத்தானதுக்குப் பொறகு அந்த மனிசன் வாயத் தொறந்ததே இந்தக் கோப்பியாலதான். நீயும் பாத்தாய்தானே. இதையும் எடுத்திட்டா திரும்பவும் குந்திருவாரு. எனக்கு இழுத்தா விட்டிரும். அவருக்குக் கதை நிண்டா இனித் திரும்பி வராது.”

“அப்ப தறி?”

சுளகை ஒரு தடவை புடைத்தார்.

“கேட்டாங்க, குடுத்தன். கேக்காம இரிந்திருந்தா நல்லம்” என்றார். பிறகு என் கையைப் பிடித்து, அல்லாவுக்காகச் சொல்லாதே என்று வாக்கு வாங்கினார்.

பிள்ளைகளே, ஒரு உம்மா தன் பிள்ளையிடம் கேட்கக்கூடாத வாக்கு அது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாத ஒன்று உம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ராத்தா சாக்கு அடைக்கும்போது பார்த்துக்கொண்டிருப்பேன். வாப்பா சிரட்டைக்கரி பற்றவைக்கும்போது பார்த்துக்கொண்டிருப்பேன். வாப்பாவின் கதையையும் கேட்டுக்கொண்டிருப்பேன். நல்ல கதைகள். பதுளையில் மூடுபனிக்குள் வழிதவறின கதை, ஒரு மாடு கோப்பிப்பழம் தின்றுவிட்டுத் துள்ளின கதை. அவர் சிரிப்பார். உள்ளே உம்மா இழுத்துக்கொண்டு சிரிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது வாப்பா வறுத்தார். உம்மா அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். குரல் வரவில்லை, சுவரில் தட்டினார். போய்ப் பார்த்தால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், தோள் இரண்டும் காதுக்கு ஏறி இறங்குகிறது, உதடு நாவற்பழம் தின்ற மாதிரி. “வாப்பா” என்று வாயை மட்டும் அசைத்தார். ராத்தா முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் கொட்டிலுக்கு ஓடினேன்.

“வாப்பா, உம்மா கூப்பிடுறாங்க. மூச்சு எடுக்க ஏலாம இரிக்காங்க.”

“வாறன், வாறன். ரெண்டாவது வெடி தொடங்கிட்டு.” பேணியை விடவில்லை. கண் புகையில் சிவந்திருந்தது. “இப்ப எறக்கினா பச்ச, உட்டா கரி. உம்மாட மருந்துதானே மனே. இன்னும் ஒரு முப்பத்திமூணு.”

தஸ்பீஹ் மணி அவருடைய விரலில் உருண்டது. ஸலவாத்து வேகமாகியது. சொல்ல வேண்டிய வசனம் என் வாயில் இருந்தது. வறுக்காதீங்க வாப்பா, இதாலதான். வாக்குக் கொடுத்திருந்தேன். அதைவிட, சொன்னால் அவர் மறுபடியும் வாயை மூடிவிடுவார் என்று பயந்தேன், உம்மாவைவிட எனக்கு அந்தப் பயம் கூடுதலாக இருந்தது. முப்பத்திமூன்று மணியும் உருண்டு முடியும் வரை அந்தப் புகைக்குள் நின்றேன்.

அவர் கொட்டையைச் சுளகில் கொட்டின நேரத்தில் வாசல் பக்கம் குடை மடக்குகிற சத்தம் கேட்டது. பாண்டிருப்பிலிருந்து மிஸி வந்திருந்தார். தாதிமாரை மிஸி என்போம்; கல்முனை ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர், உம்மாவிடம் சாரி வாங்குகிறவர். தறி போனது அவருக்குத் தெரியாது. நெய்யக் கொடுத்திருந்த சாரியைக் கேட்டு வந்தார். அறைக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்தார், கொட்டிலை ஒரு தரம் பார்த்தார்.

“என்ன காக்கா இது? அந்தப் பொம்புள நீலம் பாரிச்சுக் கிடக்கிறா. நீங்க இஞ்ச என்ன செய்யிறீங்க?”

“அவக்குத்தான் மிஸி” என்று வாப்பா சுளகைக் காட்டினார். “கோப்பி. முட்டுக்கு.”

மிஸி அவருக்கு மறுமொழி சொல்லவில்லை. ராத்தாவிடம், “மகள், அந்தச் சாக்கெல்லாத்தையும் உருவு. கதவத் தொற” என்றார். இரண்டு பேருமாக உம்மாவைத் தூக்கி விறாந்தைக்குக் கொண்டு போனார்கள். மழைத்தூவானம் முகத்தில் அடிக்கிற இடத்தில் உட்காரவைத்தார்கள். குளிர் படும் என்று வாப்பா ஒரு போர்வையோடு ஓடினார். மிஸி அதைப் பிடுங்கி எறிந்தார். நான் சந்திக்கு ஓடி வாடகைக் கார் கூட்டி வந்தேன். கார் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோது வாப்பா உடுத்திருந்த சாரத்தில் கோப்பிச் சருகு ஒட்டிக்கொண்டிருந்தது.

அல்லாஹ் உம்மாவைக் காப்பாற்றினான். ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, அடுத்த நாள் எழுந்து உட்காரக்கூடியதாக இருந்தது. வாப்பா என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பார்க்கப் போனார். கையில் பிளாஸ்க் நிறையச் சுக்குக் கோப்பி. முந்தின நாள் வறுத்த அதே கொட்டை. வார்ட்டு வாசலில் மிஸி எங்களை மறித்தார்.

“காக்கா, கோவிக்காதீங்க. குடிக்கிறதால ஒண்டும் இல்ல. வறுக்கிற புகைதான் இவக்கு ஆகாது. தறியில ஒரு பிழையும் இல்ல. நான் கேட்டன், ஒத்துக்கிட்டா. அவக்கு முந்தியே தெரியுமாம்.”

வாப்பா பிளாஸ்கை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். உள்ளே போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

“ஓமா புள்ள?”

உம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் செல்லல்ல?”

“நீங்க கதைச்சிக்கிட்டிரிந்தீங்க” என்றார் உம்மா.

வாப்பா பிளாஸ்கைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். ஒருவரும் அதைக் குடிக்கவில்லை.

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. நான் சைக்கிள் சட்டத்தில் முன்னால் இருந்தேன், வாப்பாவின் முகம் எனக்குத் தெரியாது. மூச்சு மட்டும் உச்சந்தலையில் பட்டது. கல்முனை தாண்டினதும் கேட்டார்.

“உனக்குத் தெரியுமா மனே?”

“என்ன வாப்பா?”

“உம்மாட சங்கதி.”

“தெரியாது வாப்பா” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் கதைக்கவில்லை. மிதிக்கிற சத்தம் மட்டும். உம்மா பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்தேன். பாண்டிருப்புக் கோயிலடி வந்தது. தொண்டையைச் செருமினார்.

“கோயில் மதிலுக்கு வெள்ள அடிச்சிரிக்காங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இந்த மழைக்குள்ள ஆரு வெள்ள அடிக்கச் சென்ன? எல்லாம் வழிஞ்சி போகும்” என்றார். பிறகு சைக்கிள் டயரைப் பற்றிச் சொன்னார். பிறகு மில்லில் பெல்ட் அறுந்த கதை, அதை முன்பும் சொல்லியிருக்கிறார். குரல் ஒரு மாதிரி இருந்தது, பாரம் இழுக்கிற மாடு மூச்சு விடுவது மாதிரி. வீடு வரும் வரை விடாமல் கதைத்தார்.

அந்தப் பேணியை மில்லின் பழைய இரும்போடு போட்டுவிட்டார். தறிக்குழியைத் தன் கையாலேயே திரும்பத் தோண்டினார். தறியைக் கேட்டு மாமா வீட்டுக்குப் போனார். மாமி அதில் நெய்யத் தொடங்கியிருந்தார். அது பெரிதில்லை, ஆனால் மாமா ஒத்துக்கொள்ளவில்லை. உம்மாவுக்குத் தறி ஆகாது என்று பரிசாரியே சொல்லியிருக்கிறார், ஊருக்கே தெரியும், இன்னொரு தரம் அவரைக் கொல்லப் பார்க்கிறீங்களா என்று கேட்டார். புகைதான் காரணம் என்று வாப்பா சொன்னார். கோப்பிப் புகையில் ஆருக்கு மச்சான் முட்டு வந்த என்று மாமா சிரித்தார். தறி திரும்பி வரவே இல்லை. குழியில் மழைத்தண்ணீர் நின்றது. அடுத்த மாரிக்கு முன் வாப்பா அதை மறுபடியும் மூடினார். உம்மா அதற்குப் பிறகு நெய்யவில்லை. கேட்கவும் இல்லை.

வாப்பா கதைத்தார். உம்மா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கதைத்தார். மில், மீன், பக்கத்து வீட்டு ஆடு, வானொலியில் கேட்டது, பள்ளிவாசலில் நடந்தது, ஒன்றும் நடக்காத நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்பதையே அரை மணித்தியாலம் கதைப்பார். நாங்கள் வளர்ந்து அவரைப் பகிடி பண்ணினோம். ராத்தாவின் மாப்பிள்ளை அவருக்கு ரேடியோ மாமா என்று பேர் வைத்தார். உங்கள் உம்மா கலியாணம் முடித்து வந்த புதிதில், மாமாட வாய் நோகாதா என்று என்னிடம் கேட்டார். நானும் சிரித்தேன். எத்தனை தடவை, போதும் வாப்பா, தலை இடிக்குது என்று சொல்லியிருக்கிறேன். உம்மா மட்டும் ஒரு நாளும் நிறுத்தச் சொன்னதில்லை. சில நேரம் அவர் கதைத்துக் களைத்து நடுவில் நிற்பார். உம்மா திரும்பிப் பார்ப்பார். உடனே அவர் ஏதாவது தேடி எடுத்துத் தொடங்குவார்.

உம்மா மௌத்தாகும்போது நீங்கள் இன்னும் பிறக்கவில்லை. அடக்கிவிட்டு வந்து வாப்பா உள்ளே போய்க் கட்டிலில் இருந்தார். வந்த சனத்துக்குத் தலையை ஆட்டினார். நாற்பதாம் நாளும் முடிந்தது. அவர் வாய் திறக்கவில்லை. ஆட்கள் என்னிடம், மனுசன் உடைஞ்சி போயிட்டாரு, கதை குடுங்க, கதைக்க வைங்க என்றார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இருபது வருசம் பாரம் இழுத்த மாட்டை நுகத்திலிருந்து அவிழ்த்து விட்ட மாதிரி இருந்தார்.

ஒரு நாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அவருடைய அறைக்குப் போனேன். யன்னல் திறந்திருந்தது. கட்டிலில் சாய்ந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன்.

“வாப்பா, அண்டைக்குச் சைக்கிள்ள உம்மாட சங்கதி கேட்டீங்க. எனக்குத் தெரியும் வாப்பா. முந்தியே தெரியும்.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமா, வேறு என்னவா என்று நான் தேடினேன், ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு இரண்டு கையையும் ஊன்றி, மெல்லச் சுவர்ப்பக்கம் நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டார். ஏறி இருந்தேன். அஸருக்குப் பாங்கு சொல்லும் வரை இரண்டு பேரும் கதைக்காமல் இருந்தோம்.